மலை மாறிப் பிழைத்தவர்கள்

பளியரைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால் ஒரே தொனி திரும்பத் திரும்ப வரும். கூச்ச சுபாவிகள், ஆளைக் கண்டால் ஒதுங்குபவர்கள், பயந்தவர்கள். 1908இல் பழனி மலைப் பளியரைப் பற்றிக் கட்டுரை எழுதிய பாதிரியார் டாமென் ஆகட்டும், அடுத்த வருடம் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஆகட்டும், இந்தத் தொனிக்கு வெளியே அதிகம் போகவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1960களின் தொடக்கத்தில், பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் வந்து பளியரோடு தங்கினார். அவர் அதைப் பயம் என்று எழுதவில்லை. அது ஒரு வாழ்க்கை ஒழுங்கு என்றார். யாரும் யாருக்கும் மேல் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் அடித்துக்கொள்வதில்லை, கிளம்பிப் போய்விடுவது. கணவன் மனைவிக்குள் ஆனாலும் சரி, வேலை வாங்குகிற மேஸ்திரியோடு ஆனாலும் சரி.

கார்ட்னர் இதை மனிதர்களுக்கு இடையிலான பிணக்கைத் தீர்க்கும் வழியாகத்தான் முதன்மையாகப் பார்த்தார். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மனிதரோடு பிணக்கு வந்தால் விலகிப் போவது போலவே மழையோடு பிணக்கு வந்தாலும் அவர்கள் விலகித்தான் போயிருக்கிறார்கள். பருவநிலை மாற்றம், தகவமைப்பு என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுகிற விஷயத்துக்குப் பளியரிடம் ஒரு பழைய விடை இருந்தது. அதை அவர்கள் மறந்துவிடவில்லை. அதைச் செய்யவிடாமல் ஆக்கினோம்.

எழுமலையிலிருந்து பார்த்தால் இது நன்றாக விளங்கும். எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும். நமக்குக் காற்று மட்டும் வரும், புழுதியோடு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. அது பொய்த்தால் சாப்டூர், எழுமலை, சேடபட்டி வட்டாரக் கண்மாய்கள் எல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். ஆனால் மலை அப்படி இல்லை. அடிவாரத்தில் உடைமரமும் முட்புதரும், நடுச்சரிவில் இலையுதிர் காடு, உச்சியை ஒட்டிய மடிப்புகளில் வருடம் முழுக்கக் கசிகிற ஊற்று. மல்லப்புரத்துக்கு மேலே ஏறி இறங்கினால் மயிலாடும்பாறை, வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரத்தில் மூன்று நான்கு விதமான மழை. சமவெளியில் இருப்பவனுக்கு ஒரு வானம்தான். மலையில் இருப்பவனுக்குப் பல வானம்.

சாப்டூர்ப் பக்கம் மலையடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். எழுபதைத் தாண்டியிருப்பார். யாரைப் பார்த்தாலும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்.

“பஞ்சம்னா என்ன செய்வீங்கய்யா?”

“இந்தப் பக்கம் ஊத்து வத்துனா அந்தப் பக்கம் எறங்குவோம் சாமி. அங்க எங்க ஆளுக இருப்பாக. கீழ கெழங்கு இல்லைன்னா மேல போவோம். எங்கய்யா காலத்துல ஒரு புடவுல மூணு மாசத்துக்கு மேல இருந்தது இல்ல.”

புடவு என்பது பாறைக்கு அடியில் ஆள் ஒதுங்குகிற குகை போன்ற இடம். வீடு என்று ஒன்றைக் கட்டி அதைக் காவல் காக்க வேண்டியதில்லை. முக்கிய உணவு காட்டு வள்ளிக்கிழங்கு வகைகள், நூறாங்கிழங்கு. கொடி காய்ந்த பிறகு அந்தக் காய்ந்த கொடியைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டுவார்கள். தோண்டியதும் கொடி ஒட்டிய தலைப்பகுதியை மட்டும் குழிக்குள் திரும்ப வைத்து மண்ணைத் தள்ளிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். ஒரு குழியைத் தோண்டியவர்கள் அந்தப் பக்கம் திரும்ப வர ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதற்குள் கிழங்கு இறங்கியிருக்கும். அதாவது இடம் மாறுவது அலைச்சல் இல்லை. காட்டுக்கு ஓய்வு கொடுத்து உண்கிற முறை. நாம் நிலத்தைத் தரிசு போடுவதில்லையா, அது போலத்தான். என்ன, இங்கே நிலம் அப்படியே இருக்கும், ஆள் நகர்வார்.

சமவெளிக்காரர்களும் அப்படி ஒன்றும் வேரூன்றி உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மதுரைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். வறண்ட நாட்டில் பஞ்சத்துக்கு மருந்து நடைதான்.

அந்த நடையைத்தான் சட்டம் முதலில் பிடித்தது. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காட்டைச் சுற்றிக் கோடு போட்டு, காப்புக்காடு என்று அறிவித்து, அதற்குள் அனுமதி இல்லாமல் எடுப்பதைக் குற்றமாக்கியது. சாப்டூர் போன்ற ஜமீன் காடுகளில் கெடுபிடி வேறு மாதிரி. அங்கே காட்டுப் பொருளைக் குத்தகைக்கு விடுவார்கள். தேன், கடுக்காய், குங்கிலியம், பாசி எல்லாம் குத்தகைதாரருக்குப் போகும், பளியருக்கு அரிசியும் துணியும் வரும். கணக்கு யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஜமீனுக்குப் பளியர் எந்தச் சரிவில் படுத்தார் என்பது பற்றிக் கவலை இல்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. உழுதவனுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. உழாமல் கிழங்கு தோண்டியவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை, காடு மட்டும் அரசாங்கத்துக்குக் கைமாறியது. நல்லது என்று நாம் கொண்டாடுகிற சட்டம்தான். கொண்டாடவும் வேண்டும். அதன் விடுபட்ட பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் நடையைப் பிடித்த இன்னொரு சட்டத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 15க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். ரேகை வைத்தவன் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெருங்காமநல்லூருக்கு நினைவுத் தூண் இருக்கிறது, வருடாவருடம் அஞ்சலி நடக்கிறது, நடக்க வேண்டியதுதான். மலையில் இருப்பவனுக்கு யாரும் ராதாரிச் சீட்டு கொடுக்கவில்லை, சுடவும் இல்லை. காட்டுக்கோடு மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் இறுகியது. துப்பாக்கிச் சத்தம் இல்லாததால் அதற்குத் தேதியும் இல்லை.

1988இல் இந்த மலை சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 1,016 சதுர கிலோமீட்டர். சாப்டூர்க் காடும் அதற்குள்தான். இடைப்பட்ட காலத்தில் தாணிப்பாறை, செண்பகத்தோப்பு என்று மலையடியில் பளியருக்குத் தொகுப்பு வீடுகள் வந்தன. பள்ளிக்கூடம், ரேஷன், மின்சாரம். யாரும் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவரே சொன்னார், “ரேசன் அரிசி இல்லைன்னா எம்பேத்தி இன்னிக்கு இல்ல சாமி.” சரிதான். ஆனால் ரேஷன் கார்டுக்கு ஒரு விலாசம் வேண்டும். விலாசம் உள்ளவன் மலை மாற முடியாது.

இப்படி ஓரிடத்தில் நிறுத்திவைக்கப்பட்ட பிறகுதான் பருவம் தவற ஆரம்பித்தது.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. நேர்மாறாக 2021இல், மழையே எதிர்பாராத ஜனவரி மாதத்தில் பெய்து அறுவடைக்கு நின்ற பயிரை அழுக வைத்தது. விவசாயிக்கு நிவாரணக் கணக்கு எடுத்தார்கள். கிழங்குக்குக் கணக்கு கிடையாது. ஆனால் அடி அதற்கும்தான். “தையிலயும் பச்சையா நிக்குது கொடி. காய்ஞ்சாத்தான கெழங்கு முத்தும்? காயுது, காய்ஞ்ச கையோட தீ வந்துருது.” தேனும் அப்படித்தான். பூ எப்போது என்று தெரிந்தால்தான் மலைத்தேனீ எப்போது பாறையில் வந்து கட்டும் என்று தெரியும். முன்பெல்லாம் சித்திரை, வைகாசி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்களாம். இப்போது கயிறு முறுக்கி எடுத்துக்கொண்டு ஏறி, காலி அடையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் போடி மலையில் குரங்கணித் தீ 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொன்றபோதுதான் சமவெளி காட்டுத்தீயைத் திரும்பிப் பார்த்தது. காட்டுக்குள் உண்ணிச்செடி புகுந்து புதர் மண்டி, கிழங்குக் கொடிக்கு இடமில்லாமல் செய்து, வெயிலில் விறகாக நிற்கிறது. இருநூறு வருடங்களுக்கு முன்பு கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் சொல்வது இது: முன்பு வருடத் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கிற சிறு தீ வைப்போம், அதை நிறுத்தியதும் உண்ணிச்செடி பெருகியது, தீ பெருந்தீயானது. ஆய்வாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் தயங்குகிறார்கள். எனக்குச் சோலிகர் பக்கம்தான் சாய்வு.

வெள்ளமும் விடவில்லை. 2015 மே மாதம், கோடை மழையில் சதுரகிரி ஓடைகளில் திடீரென்று வந்த தண்ணீர் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மலையேறும் நாட்களைக் குறைத்தார்கள். பாதுகாப்புக்குத் தேவையான முடிவு. ஆனால் பக்தர்களின் சுமை தூக்கிக் கிடைத்த கூலியை நம்பியிருந்த வீடுகளுக்கு மாதத்தில் சில நாள்தான் வேலை என்றானது.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மாங்காய் பறிப்பு, தேங்காய் வெட்டு, நூறு நாள் வேலை, ஆடு வளர்ப்பு. இளைஞர்கள் சிலர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீ பரவாமல் கோடு வெட்டுகிறவர்கள். தாத்தா நடந்த தடம் தெரிந்தவர்கள் என்பதால் அந்த வேலைக்கு அவர்களைவிட்டால் ஆள் இல்லை. காட்டுக்கும் கூலிக்கும் மாறி மாறிப் போய்ப் பிழைப்பதைக் கார்ட்னர் அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார். ஒரு வகையில் பழைய நடையின் மிச்சம்தான் இது. முன்பு மலை மாறினார்கள், இப்போது வேலை மாறுகிறார்கள். ஆனால் அப்போது இரண்டும் கையில் இருந்தன. கூலி சரியில்லை என்றால் காட்டுக்குத் திரும்பலாம். திரும்ப முடிகிறவனிடம் மேஸ்திரி மரியாதையாகப் பேசுவான்.

பனிநாட்டிலும் இதே கதை. கனடாவின் இனுயிட் மக்களை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிரந்தரக் குடியிருப்புகளில் உட்காரவைத்தார்கள். பிறகு பனி உருக ஆரம்பித்தது. 2005இல் ஷீலா வாட்-க்ளூட்டியேவும் 62 பேரும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம், எங்கள் பனி உருகுவது எங்கள் உரிமை பறிபோவது என்று முறையிட்டார்கள். ஆணையம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை.

நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் அதன் விதி விநோதமானது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது, 2016 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கதவு திறந்த வருடமும் மழை பொய்த்த வருடமும் ஒன்று. திறந்த பிறகும், தனிநபர் உரிமை என்பது குடியிருக்கிற, உழுகிற நிலத்துக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். கிழங்குக் குழிக்கு எப்படி அளவு எடுப்பது? முழு வாழிடத்தின் மீதும் உரிமை கேட்கலாம், ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகுக்கப்பட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பெயர்கள். பளியர் இல்லை. மிஞ்சுவது சமூக உரிமை. சிறு வனப்பொருள் எடுக்க, காட்டைப் பாதுகாக்க, நிர்வகிக்க. புலிகள் காப்பகம் என்பது அதற்குத் தடை இல்லை. சோலிகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அதை வாங்கிக் காட்டினார்கள்.

சமூக வன வளத்துக்கான படிவத்தைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். கிராமம், கிராம சபை, எல்லையில் உள்ள ஊர்கள், ஆதாரங்கள் என்று கட்டங்கள். எல்லை என்ற இடத்தில் நிறுத்தினார்.

“மழை பேஞ்ச வருசத்து எல்லையா சாமி, பேயாத வருசத்து எல்லையா?”

பேயாத வருடத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். மல்லப்புரத்துக்கு மேலிருந்து ஆரம்பித்து, ஊற்று ஊற்றாக, புடவு புடவாக, வருசநாட்டுப் பக்கம் இறங்குகிறவரை சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டேன். பாதிப் பெயர்கள் நான் கொண்டுபோயிருந்த வரைபடத்தில் இல்லை.