இறந்துபோன எண்கள் எங்கே போகின்றன?



சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்போது நான் மூன்றாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. காலை பத்து மணியளவில் ஒரு மாணவிக்குக் கடுமையான காய்ச்சல். மாணவர் விவரப் பதிவேட்டைப் புரட்டி, அவளுடைய தந்தையின் கைப்பேசிக்கு அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் ஒரு மலாய்க்கார அம்மையார். "இந்த எண் எனக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, சிக்கு. நீங்கள் தேடுபவரைக் கேட்டு எத்தனையோ பேர் அழைத்துவிட்டார்கள்" என்றார். தந்தை முன்கட்டண அட்டைக்குப் பணம் போடாமல் விட்டிருக்கிறார். எண் நிறுவனத்திற்குத் திரும்பிப் போய், இன்னொருவர் கைக்கு வந்துவிட்டது. தாயாரோ அன்றாடம் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர். பிற்பகல் மூன்று மணிவரை அந்தக் குழந்தை அலுவலக நாற்காலியில் சுருண்டு படுத்திருந்தது.

அன்று என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு மனிதரின் எண் இப்படிக் கைமாறுகிறது. ஒரு நிறுவனமே மறைந்துபோனால், அந்நிறுவனத்தின் எண்கள் என்ன ஆகின்றன? அதைத் தேடிப் படித்தபோது, நம் நாட்டுத் தொலைபேசி வரலாற்றின் ஒரு பகுதியே கண்முன் விரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத எண்

நாம் சுழற்றும் எண்ணை நாம் அறிவோம். மலேசியாவுக்கு 60, ஜொகூருக்கு 07, கைப்பேசிக்கு 012, 013 என்பவை எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் சிம் அட்டைக்குள் வேறோர் எண் ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். மலேசியாவுக்கு அது 502. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் வலையமைப்பு என்பதைக் குறிக்கும். எஞ்சியவை தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு உரியவை.

ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஸ்துலாங் கடற்கரையில் நின்றுகொண்டிருப்போம். கைப்பேசி திடீரெனச் சிங்கப்பூர் அலையைப் பிடித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் கட்டணத்தைப் பார்த்து நெஞ்சு பதறும். சிங்கப்பூர்க் கோபுரங்கள் 525 என்று ஒலிபரப்புகின்றன, நம் கோபுரங்கள் 502 என்று ஒலிபரப்புகின்றன. கைப்பேசி அந்த எண்ணைப் பார்த்துத்தான் "இது என் வீடு", "இது அயல் வீடு" என்று முடிவு செய்கிறது.

இந்த முறையை வகுத்தது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். நாட்டுக் குறியீட்டை ஒன்றியம் தருகிறது. அதன்கீழ் வலையமைப்புக் குறியீட்டை அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. நம் நாட்டில் அப்பொறுப்பு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தினுடையது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் எண்களைத் திட்டமிடுவதையும் ஒதுக்குவதையும் அவ்வாணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே எந்த நிறுவனமும் எண்ணுக்குச் சொந்தக்காரர் அல்ல. எண்கள் பொதுச்சொத்து. நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே பெற்றவை.

ஏன் திரும்பப் பெற வேண்டும்?

கணிதப் பாடத்தில் இடமதிப்பு நடத்தும் நமக்கு விடை எளிது. இரண்டு இலக்கங்களைக் கொண்டு 00 முதல் 99 வரை நூறு எண்களைத்தான் அமைக்க முடியும். ஒரு நாட்டுக் குறியீட்டின்கீழ் நூறு வலையமைப்புகள்தாம் இடம்பெறலாம். இந்தியா போன்ற பெரிய நாட்டுக்கு அது போதவில்லை. ஆகவே 404, 405 என ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுக் குறியீடுகள் தரப்பட்டன. மலேசியாவில் பிற்காலத்தில் வந்த நிறுவனங்கள் சிலவற்றுக்கு மூன்றிலக்கக் குறியீடுகள் ஒதுக்கப்பட்டன.

நாம் சுழற்றும் எண்ணுக்கும் இதே கணக்குதான். 017 என்பதற்குப் பின் ஏழு இலக்கங்கள் என்றால் ஒரு கோடி எண்கள். நம் நாட்டிலோ கைப்பேசிக் கணக்குகளின் எண்ணிக்கை மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது. மறைந்துபோன ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒரு கோடி எண்களைப் பூட்டி வைத்திருப்பது, ஊரில் வீட்டுப் பஞ்சம் இருக்கும்போது ஒரு தாமானையே பூட்டி வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. உலக நாடுகளின் வலையமைப்புகள் எல்லாம் பிற நாட்டுக் குறியீடுகளைத் தத்தம் பட்டியலில் பதிந்து வைத்திருக்கின்றன. செத்த குறியீடு பட்டியலில் நீக்கப்படாமல் கிடந்தால் குழப்பம் வரும். தீயவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தவும் இடமுண்டு. ஆகவேதான் குறியீடுகளை ஒதுக்குவதற்கு விதி இருப்பதைப்போல் திரும்பப் பெறுவதற்கும் விதி உண்டு. மாற்றங்களை ஒன்றியம் தன் அறிக்கை ஏட்டில் வெளியிட்டு, எல்லா நாடுகளுக்கும் அறிவிக்கிறது.

மலேசியாவின் மறைந்த பெயர்கள்

1985-ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு இலாகா 'அத்தூர் 450' என்னும் கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. கைப்பேசி என்கிறோமே ஒழிய, அவை பெரும்பாலும் காருக்குள் பொருத்தப்பட்ட கனத்த பெட்டிகள்.  1987-இல் இலாகாவின் சேவைப் பிரிவு நிறுவனமாக்கப்பட்டு, பின்னர் டெலிகோம் மலேசியா ஆனது. 1989-இல் செல்கோம் 'ஆர்ட் 900' சேவையோடு வந்தது. 1990-களின் முற்பகுதியில் மோபிகோம் வந்தது, அதற்கு 018.

1995-ஐ ஒட்டி மின்னியல் அலைவரிசைகள் வந்தபோது திருவிழாக் கூட்டம்தான்! மேக்சிஸ் 012, முத்தியாரா 016 (பின்னர் டிஜி), சபுரா டிஜிட்டலின் 'ஆடாம்' 017, இமார்டெல் 013 என்று வரிசையாக வந்தன. எங்கள் இடைநிலைப்பள்ளி நாள்களில் நாளிதழைத் திறந்தால் கைப்பேசி விளம்பரம்தான். சிறிய நாட்டுக்கு இத்தனை நிறுவனங்கள் தாங்குமா? 1997-98 பொருளாதார நெருக்கடி அதற்கு விடை சொன்னது. ஒன்றையொன்று விழுங்கும் காலம் தொடங்கிற்று. ஆடாம், டைம் நிறுவனத்தின் கைக்குப் போய் 'டைம்செல்' ஆயிற்று. 2003-இல் மேக்சிஸ் அதனை வாங்கியது. இமார்டெல், டெலிகோம் மலேசியாவின் கைக்குச் சென்று 'டிஎம் டச்' ஆனது. 2003-இல் அது செல்கோமோடு இணைக்கப்பட்டது. அண்மையில், 2022 நவம்பர் 30-இல், செல்கோமும் டிஜியும் இணைந்து செல்கோம்டிஜி ஆயின.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். 017-உம் 013-உம் அவற்றின் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து கைமாறின. நிறுவனத்தின் பெயர் மறைந்தது, மக்களின் எண் மறையவில்லை. ஆனால் 010, 011, 018 ஆகியவற்றின் பழைய அனலாக் வலையமைப்புகள் மூடப்பட்டபின், அவ்வெண்கள் வேறு வாழ்க்கை பெற்றன. 018-ஐ இன்று பெரும்பாலோர் யூ மோபைல் எண்ணாகவே அறிவர். 010 பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 011-க்குப் பின்னால் எட்டு இலக்கங்கள் சேர்க்கப்பட்டு, பத்துக் கோடி எண்களுக்கு வழி செய்யப்பட்டது. இன்று நம் மாணவர்களின் பெற்றோர் பலர் தரும் 011 எண்ணுக்கு இப்படியொரு முன்கதை உண்டு.

தமிழ்நாட்டில் ஓர் அதிர்ச்சி

இதே கதையின் துயரமான வடிவத்தைத் தமிழ்நாட்டில் காணலாம். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்கை, 2006-இல் நம் நாட்டு மேக்சிஸ் வாங்கியது. மேக்சிசை உருவாக்கியவர் தமிழரான ஆனந்த கிருஷ்ணன் என்பதும், அவர் 2024 நவம்பரில் மறைந்தார் என்பதும் நாம் அறிந்ததே. சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டக்காரர்களின் சட்டையில் சில ஆண்டுகள் ஏர்செல் பெயர்தான் இருந்தது.

கடன் சுமையும் கடும் போட்டியும் அந்நிறுவனத்தை வீழ்த்தின. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. மக்கள் கடைகளின் முன் திரண்டனர். அம்மாத இறுதியில் நிறுவனம் நொடிப்பு மனு அளித்தது. தமிழ்நாட்டில் 404-இன்கீழ் 42 என்று ஒலிபரப்பிய ஏர்செல் வலையமைப்பு அடங்கிப்போனது. ஆனால் மக்களின் எண்கள் சாக வேண்டியதில்லை என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருதியது. எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்திற்கு மாறிக்கொள்ள ஏற்பாடு செய்து, 2018 ஏப்ரல் 15 வரை காலமும் தந்தது. வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, உறவினர் தொடர்பு என எல்லாவற்றையும் அந்தப் பத்து இலக்கங்களில் கட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு எத்தகைய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். செய்தி எட்டாமல் போன முதியவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

நாடுகளே மறைந்தபோது

நிறுவனம் மட்டுமல்ல, நாடே மறைந்ததும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் அனைத்துலக அழைப்பெண் 37. 1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றிணைந்தபின், 1992-இல் அந்த எண் திரும்பப் பெறப்பட்டு, மக்கள் யாவரும் 49-இன்கீழ் வந்தனர். மீட்கப்பட்ட 37 வீணாகவில்லை. அதைப் பத்தாகப் பிரித்தார்கள். சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்ற லித்துவேனியாவுக்கு 370, லாட்வியாவுக்கு 371, எஸ்தோனியாவுக்கு 372 கிடைத்தன. மறைந்த ஒரு நாட்டின் எண், புதிதாய்ப் பிறந்த நாடுகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆயிற்று!

நமக்கு இதில் என்ன பாடம்?

மீட்டுக்கொள்வது தவறன்று. பயனற்றுக் கிடப்பதைப் பயன்படுத்துவது நல்ல நிர்வாகம். ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். பயன்படுத்தியவர்களுக்கு முன்னறிவிப்புப் போய்ச் சேர்ந்ததா? பழையவருக்கும் புதியவருக்கும் இடையே போதுமான கால இடைவெளி விடப்பட்டதா? பழைய வரலாறு பதிவில் இருக்கிறதா?

இவற்றை எழுதும்போது என் நினைவு நம் பள்ளிகளை நோக்கியே செல்கிறது. கல்வி அமைச்சு ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட குறியீட்டைத் தந்திருக்கிறது. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டத்தில் பிறந்தவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மக்கள் நகரத்திற்குப் பெயர்ந்தனர். மாணவரற்றுப்போன பள்ளியை அப்படியே மூடிவிட்டால், அதன் உரிமமும் போயிற்று. அதே உரிமத்தை, அதே பெயரோடு, தமிழர் பெருகி வாழும் நகர்ப்புறத்திற்கு இடம் மாற்றினால் பள்ளி பிழைத்தது. 017-க்கும் 018-க்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒன்று மக்களோடு சேர்ந்து கைமாறியது. மற்றொன்று காலியான பின் வேறொருவருக்குப் போனது. எந்த ரப்பர் மரமும் இல்லாத நகரத் தெருவில் ஒரு தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளியைப் பார்த்து, "ஏன் இந்தப் பழைய பெயர்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்தப் பெயர், மக்கள் விட்டுவிடாமல் கொண்டுவந்த எண் என்று இனி நாம் விடை சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எண்ணை மாற்றினால் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள், ஏனெனில் உங்கள் பழைய எண்ணுக்கு வரும் இரகசியக் குறியீடு முகமறியாத ஒருவரின் கைக்குப் போகலாம். அவசரத் தொடர்புக்கு இரண்டு பேரின் எண்களைக் கொடுங்கள். 2008 முதல் நம் நாட்டில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசிரியர்களே, ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பதிவேட்டில் உள்ள எண்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான்.

அன்று மூன்று மணிக்கு அந்த மாணவியின் பாட்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரிடம் கைப்பேசியே இல்லை. பேருந்து ஓட்டுநர் சொல்லித்தான் அவருக்குச் செய்தி தெரிந்ததாம். பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன் போடக் கூடாதா, டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அந்த வாரமே என் வகுப்பின் பதிவேட்டைப் புதுப்பித்தேன். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேரின் எண்கள் மாறிப்போயிருந்தன.

உங்கள் வகுப்பில் எத்தனை?