'நான்டினாமினேஷனல்': சபைப் பிரிவு சாராதது சாதி சாராததா?

'நான்டினாமினேஷனல்' என்னும் சொல்லைத் தமிழில் 'சபைப் பிரிவு சாராத' எனலாம். கத்தோலிக்கம், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை போன்ற எந்தத் திருச்சபையின் நிர்வாகத்துக்கும் உட்படாமல் தனித்து இயங்கும் கிறித்தவச் சபைகளை அது குறிக்கிறது. நம் ஊர்களில் இவற்றைச் 'சுயாதீன சபைகள்' என்பர்.

இச்சொல்லை அருகிலுள்ள சொற்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசு எம்மதத்தையும் தன் மதமாகக் கொள்ளாதிருப்பது மதச்சார்பின்மை; அது வேறு. பல பிரிவுகள் ஒன்றிணைவதும் வேறு. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய மரபுகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, தானே ஒரு பிரிவாகத்தான் நிற்கிறது.

சட்டத்திலும் 'டினாமினேஷன்' என்ற சொல்லுக்கு எடை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் உறுப்பு, சமயப் பிரிவுகளுக்குத் தம் சமய விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை அளிக்கிறது. பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப்பெயர் ஆகியவற்றைக் கொண்டதே சமயப் பிரிவு என்னும் பொருளை, சிரூர் மடம் வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே, 'பிரிவு சாராதவர்கள்' என்று ஒரு சபை தன்னைச் சொல்லிக்கொள்வது மட்டும் சட்டத்தின் முன் விடையாகிவிடாது.

தலித் மக்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "நாங்கள் எந்தத் திருச்சபையையும் சேர்ந்தவர்கள் அல்லர்; எனவே எங்கள் பட்டியல் சாதித் தகுதி மாறாது" என்று கருதுவோர் உள்ளனர். அது பிழை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி சபைப் பிரிவைப் பார்ப்பதில்லை, மதத்தையே பார்க்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த தகுதி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் விரியவில்லை. பேராயரின் கீழுள்ள ஆலயமானாலும் கூரைக் கொட்டகையில் கூடும் சுயாதீன சபையானாலும், கிறித்தவ மதத்தை ஏற்றவர் என்றால் விளைவு ஒன்றே. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குச் செல்கிறார்.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துவந்த தலித் கிறித்தவர் ஒருவருக்கு, இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு வழங்கப்பட்ட இலவசக் கடைப்பெட்டி மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கடுமையில் சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை எனச் சூசை வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றாம் பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது.

சபையின் பெயர்ப்பலகையிலிருந்து பிரிவை அழித்துவிடலாம். சேரியையும் தனிக் கல்லறையையும் அது அழிப்பதில்லை. மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும் என்று நாம் கோருவது அதனால்தான்.