பங்கின் எல்லையும் ஏழையின் வதிவுரிமையும்: இங்கிலாந்தின் உள்ளூராட்சி வரலாறு, 1601–1834

இங்கிலாந்தின் ஆட்சி வரலாற்றை எழுதுவோர் நாடாளுமன்றத்தையும் நகரசபைகளையும் முதன்மைப்படுத்துவது வழக்கம். ஆயினும், பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் எளிய மக்களின் அன்றாட வாழ்வை மிக நெருங்கித் தொட்ட ஆட்சி அலகு பங்கு என்பதே. ஓர் ஆலயத்தையும் அதனைச் சார்ந்த குடிகளையும் குறித்த இச்சமய எல்லை, டியூடர் காலச் சட்டங்களின் வழியே சாலைகளைப் பராமரிக்கும், வரி தண்டும், ஏழைகளைப் பேணும் உலகியல் அலகாகவும் வளர்ந்தது. அக்காலப் பங்காட்சியில் ஏழையைப் பேணும் கடமையும் அயலாரை விலக்கும் அதிகாரமும் ஒரே நிதி ஏற்பாட்டின் இரு விளைவுகளாக இருந்தன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடமையின் தோற்றம்

1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே பேண வேண்டுமென விதித்தது. ஆலயக் காப்பாளர்களுடன், வசதியுள்ள குடும்பத் தலைவர்கள் இருவர் முதல் நால்வர் வரை ஆண்டுதோறும் ஏழைகள் மேற்பார்வையாளராகச் சமாதான நீதவான்களால் நியமிக்கப்பட்டனர். இவர்கள் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர். அவ்வூரின் விவசாயிகளும் கடைக்காரரும் கைவினைஞருமே ஆவர். நில, மனை உடைமையாளரிடமும் குத்தகைதாரரிடமும் வரி தண்டி, முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற சிறாருக்கும் உதவி வழங்குவது இவர்தம் பணி. கணக்குகளைப் பரிசீலித்த பங்குக் கூட்டம், ஆலயத்தின் உடைமாற்றும் அறையில் கூடியமையால் வெஸ்ட்ரி எனப் பெயர் பெற்றது.

பசித்தவனுக்கு உணவளிப்பது தனிமனிதரின் அறச்செயல் என்ற நிலையிலிருந்து, ஊரார் அனைவரும் வரியால் ஏற்கும் சட்டக் கடமை என்ற நிலைக்கு இச்சட்டம் இட்டுச்சென்றது. ஆனால், ‘தன் ஏழைகள்’ யாவர் என்ற வினா உடனடியாக எழுந்தது. வரி செலுத்துவோர் அறிமுகமான அயலவர். உதவி பெறுவோர் தொகை கூடினால் அவர்தம் சுமையும் கூடும். ஆகவே எல்லையைக் காப்பது வரியைக் காப்பதாயிற்று.

2. வதிவுரிமைச் சட்டம்

இவ்வினாவுக்கு 1662ஆம் ஆண்டின் சட்டம் விடை கூற முற்பட்டது. ஆண்டுக்கு 10 பவுணுக்குக் குறைந்த வாடகையில் குடியேறிய ஒருவர் பங்குக்குச் சுமையாகக்கூடும் எனக் கருதப்பட்டால், அவர் வந்த 40 நாட்களுக்குள் முறையிட்டு, இரு நீதவான்களின் கட்டளை பெற்று, முந்திய வதிவிடத்துக்கு அனுப்பலாம். 1691ஆம் ஆண்டின் சட்டம் வதிவுரிமை பெறும் வழிகளை விரித்தது: பங்கின் வரி செலுத்துதல், பங்குப் பதவி வகித்தல், தொழில் பயிலுநராக இருத்தல், மணமாகாதவர் ஓராண்டுக் கூலி ஒப்பந்தத்தில் பணியாற்றுதல். மணமான பெண் கணவனின் வதிவுரிமையையே பெற்றாள்.

சட்டத்தின் ஒவ்வொரு வழியும் அதனை அடைக்கும் ஓர் உபாயத்தையும் தோற்றுவித்தது. ஓராண்டு நிறைந்தால் உரிமை பிறக்கும் என்பதால் 51 வாரங்களுக்கு மட்டும் ஆளமர்த்திய பண்ணையார் பலர். மணமாகாத பெண்ணின் குழந்தை பிறந்த இடத்தின் வதிவுரிமையைப் பெறும் என்பதால், பேறுகாலம் நெருங்கிய பெண்களை எல்லைக்கு அப்பால் அகற்றுவதில் மேற்பார்வையாளர் முனைந்தனர். 1697ஆம் ஆண்டின் சட்டம், உதவி பெறுவோர் வலத்தோளில் ‘பி’ என்னும் எழுத்தும் பங்கின் பெயரின் முதலெழுத்தும் பொறித்த துணியணிய வேண்டுமென்றது. இவ்விதி 1810இலேயே நீக்கப்பட்டது.

3. ஆவணங்களில் ஒலிக்கும் குரல்கள்

இந்நடைமுறை விட்டுச்சென்ற வதிவுரிமை விசாரணைப் பதிவுகள் வரலாற்றாளருக்கு அரிய மூலங்கள். எங்கே பிறந்தாய், யாரிடம், எவ்வளவு காலம், என்ன கூலிக்கு வேலை செய்தாய் என்ற வினாக்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதோர் அளித்த விடைகள் அவற்றில் பதிவாகியுள்ளன. செல்சிப் பங்கின் 1733–1766 காலப் பதிவுகள் அச்சிலும் வெளிவந்துள்ளன. இப்பதிவுகளின் நோக்கம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவை குடிபெயர்வைக் கண்காணிக்கும் கருவி என நோர்மா லாண்டாவும், பெரிதும் உதவி நாடியோரின் உரிமையை நிறுவும் செயன்முறையே எனக் கீத் ஸ்னெலும் வாதிட்டனர். எந்நோக்கில் எழுதப்பட்டிருப்பினும், ஒருவரது உழைப்பின் வரலாறே அவரது உரிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டதை இவை காட்டுகின்றன.

அச்சான்று எவருக்குச் செல்லாது போயிற்று என்பதை 1785ஆம் ஆண்டின் தேம்ஸ் டிட்டன் வழக்கு உணர்த்துகிறது. அமெரிக்காவில் அடிமையாக விலைக்கு வாங்கப்பட்ட சார்லட் ஹவ் என்னும் கறுப்பினப் பெண், 1781இல் கப்டன் ஹவ்வினால் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, சரே மாவட்டத்தின் தேம்ஸ் டிட்டனில் அவர் வீட்டில் பணிபுரிந்தார். கப்டன் இறந்தபின் எசமானியுடன் செல்சிக்குச் சென்று, பின்னர் அவரிடமிருந்து நீங்கினார். அவரைப் பேணவேண்டியது எந்தப் பங்கு என்ற வினா கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை எட்டியது. சட்டம் கோருவது கூலி ஒப்பந்தம். இங்கே ஒப்பந்தம் ஏதும் இல்லை. எனவே அவரது பணியால் வதிவுரிமை பிறக்கவில்லை என்று மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்தார். 1772இல் சோமர்செட் என்னும் அடிமையை விடுவித்த அதே நீதிபதி இவர். கூலி பெற்று உழைத்தவருக்கு அவ்வுழைப்பு உரிமையாயிற்று. கூலியின்றி உழைப்பிக்கப்பட்டவருக்கு அக்கூலியின்மையே உரிமையின்மையும் ஆயிற்று.

4. முடிவுரை

1795இல், உண்மையாகவே உதவி கோரும்வரை எவரையும் வெளியேற்றலாகாது என்று சட்டம் தளர்ந்தது; மணமாகாத கருவுற்ற பெண்களுக்கோ இத்தளர்வு வழங்கப்படவில்லை. 1834இல் பங்குகள் ஒன்றியங்களாக இணைக்கப்பட்டன. 1865இல் செலவு முழுவதும் ஒன்றியத்தின் பொறுப்பானபோதே பங்கின் எல்லையைக் காப்பதற்கான நிதிக்காரணம் மறைந்தது. 1894இல் தோன்றிய பங்குச் சபைகள் ஏழை நிவாரணத்தைப் பெறவில்லை. 1948இல் ஏழைகள் சட்டமே முடிவுற்றது.

ஆயினும் அச்சிந்தனை முற்றாக மறையவில்லை. வீடற்றோருக்கான 1977ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூர்த் தொடர்பு என்னும் அளவுகோலைக் கொண்டுவந்தது. எங்கே வசித்தாய், எங்கே வேலை செய்தாய், உன் உறவினர் எங்குளர் என்ற வினாக்களை, வீடற்ற நிலையில் பிரித்தானிய உள்ளூராட்சி மன்றத்தை நாடும் எவரும், நம்மவர் உட்பட, இன்றும் எதிர்கொள்கின்றனர். பொதுநிதியிலிருந்து உதவும் எந்தச் சமூகமும் எல்லை வகுப்பதைத் தவிர்த்தல் அரிது. ஆனால் அவ்வெல்லையின் அளவுகோல் எவருடைய வாழ்வை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, எவருடைய வாழ்வைக் காணத் தவறியது என்று வினவுவது வரலாற்றாய்வின் கடனாகும். இங்கிலாந்தின் பங்கு ஆவணங்களைப் புலம்பெயர்ந்த சமூகங்களின் ஆய்வாளர் கற்கவேண்டியது இக்காரணம் பற்றியே.