அப்பாவோட ஆல்டோவும் 12 இன்ச் சக்கரமும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விருத்தாசலம் பக்கம் கருவேப்பிலங்குறிச்சி. அப்பாவோட ஆல்டோ 800-க்கு டயர் தேஞ்சு போச்சு. 12 இன்ச்சைக் கழட்டிட்டு 14 இன்ச் அலாய் போடலாம்னேன். "பள்ளத்துல விழுந்தா எதுப்பா தாங்கும்?"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. தேடிப் படிச்சேன்.

நம்ம அம்பாசடருக்கு 15 இன்ச் சக்கரம். 1959-ல பிரிட்டனில் வந்த மினி, 10 இன்ச்சில் ஓடியது. சக்கரம் சின்னதானால் உள்ளே உட்கார இடம் கூடும், அதுதான் கணக்கு. 1983-ல வந்த மாருதி 800 எடுத்தது 12 இன்ச். ஆல்டோ 800-க்கும் அதே வழிதான்.

அதோட டயர் அளவு 145/80 ஆர்12. அகலம் 145 மி.மீ.; அதில் 80 சதவீதம், அதாவது 116 மி.மீ., பக்கவாட்டு ரப்பரின் உயரம். டயரின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். அதனால் ரிம் பெருசானால் ரப்பர்தான் குறையணும். 14 இன்ச்சுக்குப் பொருந்தும் 165/55-ல அது வெறும் 91 மி.மீ. பள்ளத்தின் அடியை வாங்குற ரப்பரில் ஒரு இன்ச் காலி! மிச்ச அடி ரிம்முக்கு.

பழைய அளவிலேயே நாலு புது டயர் மாட்டினோம். அப்பா கேட்டது சரியான கேள்வி.