நூலகங்களை இணைத்த நெறிமுறையும் தமிழெழுத்தும்

ஒரு நூலகத்தின் கணினியிலிருந்து மற்றொரு நாட்டு நூலகத்தின் பட்டியலைத் தேடுவது இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. இவ்வசதி வந்த வழியையும் அதில் தமிழ் இடம்பெற்ற வகையையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் அம்மையாரின் தலைமையில் 'மார்க்' என்னும் பதிவுமுறை உருவாயிற்று. அட்டைகளில் இருந்த நூல் விவரம் கணினி படிக்கத்தக்க வடிவம் பெற்றது. ஆயினும் நூலகங்கள் வெவ்வேறு மென்பொருள்களைக் கொண்டிருந்தமையால், ஒன்றன் வினா மற்றொன்றுக்கு விளங்கவில்லை. அக்குறையை நீக்க 1988இல் வெளிவந்ததே 'இசட் 39.50' என்னும் நெறிமுறை. 1998இல் அது ஐஎஸ்ஓ 23950 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று.

இந்நெறிமுறையில் இணைப்பு என்பது ஓர் உரையாடலாகும். கேட்கும் கணினி இணைப்பைத் தொடங்கி, வினாவை அனுப்பி, வேண்டிய பதிவுகளைப் பெற்று, இறுதியில் முடித்துக்கொள்ளும். அதுவரை விடைத் தொகுதியை மறுமுனை நினைவில் வைத்திருக்கும். பயன்முடிந்த இணைப்புகளை மூடாது விட்டால் மறுமுனையின் சுமை பெருகும். புதிதாகக் கேட்போர் காத்திருக்க நேரும். பின்னர் வந்த 'எஸ்ஆர்யு' முறை, வினாவை இணைய முகவரியாகவே அமைத்து, ஒவ்வொரு வினாவையும் தனித்து நிற்கச் செய்தது.

இணைப்புக் கிட்டினும் எழுத்து ஒத்துவர வேண்டும். மார்க் பதிவுகளுக்கென வகுக்கப்பட்ட 'மார்க்-8' குறியீட்டில் தமிழுக்கு இடமில்லை. எனவே தமிழ் நூற்பெயர்கள் உரோமன் எழுத்திலேயே பதியப்பட்டன. அங்கு ல, ள, ழ மூன்றும் ஓர் எழுத்தின் கீழிடும் புள்ளியாலும் கோட்டாலும் மட்டுமே வேறுபட்டன. அக்குறிகளைப் பொருட்படுத்தாத தேடலில் வலியும் வளியும் வழியும் ஒன்றாகிவிடும்.

1991இல் யூனிகோட்டின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. பின்னர் மார்க் பதிவுகளும் யூனிகோட்டை ஏற்றபோது, நூற்பெயரைத் தமிழெழுத்திலேயே பதிய வழி பிறந்தது.

நியூசிலாந்தில் தோன்றி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' போன்ற நூலக மென்பொருள்களில், ஒவ்வோர் இணைப்புக்கும் உரிய எழுத்துக்குறியீட்டை நூலகரே குறிப்பிடுகிறார். மறுமுனை 'யுடிஎஃப்-8' வடிவில் அனுப்ப, இங்கு வேறொன்றைக் குறித்திருந்தால், தமிழ்த் தலைப்பு பொருளற்ற குறிகளாக வந்துசேரும். அவ்வாறே அது பட்டியலில் ஏறிவிட்டால், நூல் அலமாரியில் இருந்தும் தேடுவோர்க்கு இல்லாததாகும்.

ஆதலின் நூலகப் பட்டியலைத் தமிழெழுத்தில் தேடிப் பார்ப்பதும், பிழை கண்டால் நூலகர்க்கு அறிவிப்பதும் ஆசிரியர், மாணவர் அனைவர்க்கும் உரிய மொழிப்பணியே என்பது நம் கருத்து.