ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளர்களின் ஞாயிற்றுக்கிழமை

ஹாங்காங்கில் பணிபுரியும் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் வார ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையைப் பொது இடங்களில் ஒன்றுகூடிக் கழிப்பது வழக்கமாகும். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இவர்களுள் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த பெண்கள் ஆவர்.

ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு அளிக்கப்படவேண்டும் என்பது சட்டம். ஆனால் 2003 முதல், பணியளிப்பவரின் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பதும் விதியாகும். ஆகவே வீட்டில் இருந்தால் ஓய்வு கிட்டுவது அரிது.

கூடுமிடங்கள்

பிலிப்பினோக்கள் பெரும்பாலும் சென்ட்ரல் பகுதியில் கூடுகின்றனர். இங்குள்ள சேட்டர் சாலையில் 1982 முதல் ஞாயிறுகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் திறந்த தரைத்தளமும் நிரம்பிவிடும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, வீட்டினுள் நுழைவதுபோல் காலணிகளை வெளியே கழற்றிவிட்டு அமர்வர். உணவைப் பகிர்தல், சீட்டாட்டம், நடனப் பயிற்சி, ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கட்டுதல் ஆகியவற்றில் பொழுது கழியும். ஊதிய உயர்வு கோரும் ஊர்வலங்களும் இந்நாளிலேயே நடைபெறுகின்றன. வேறு நாள் இவர்களுக்கு இல்லை. இந்தோனேசியர் காஸ்வே பே பகுதியிலுள்ள விக்டோரியா பூங்காவில் கூடுகின்றனர்.

கோவிட்-19 கட்டுப்பாடுகளை மீறிக் கூடியதாக 2022 பெப்ரவரியில் பணியாளர்கள் சிலருக்கு 5,000 ஹாங்காங் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அப்போது அவர்களுக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 4,630 டாலர்.