அம்பர் நறுமணம் பெண்களின் கைக்கு எட்டிய வரலாறு

யூத் டியூ என்பது 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் எஸ்டே லாடர் நிறுவனம் அறிமுகப்படுத்திய, பெண்களுக்கான நறுமணத் தைலம் ஆகும். கிராம்பு, இலவங்கப்பட்டை, பச்சௌலி, வனிலா, மரப்பிசின்கள் ஆகியவற்றின் வாசம் கலந்த இது, 'அம்பர்' எனப்படும் நறுமண வகையைச் சேர்ந்தது. அம்பர் வாசம் இனிப்பும் கதகதப்பும் கொண்டது. எலுமிச்சை வாசம் போலச் சட்டென்று வந்து மறையாமல், தோலோடு ஒட்டி நெடுநேரம் நிற்கும்.

இந்த வாசத்துக்கு வேண்டிய பொருட்கள் ஒரு காலத்தில் செல்வர்களுக்கு மட்டுமே கிடைத்தன. அது, வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் சம்பளத்தில் தானே வாங்கிக்கொள்ளும் பொருளாக மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரில் உள்ள குழப்பம்

'அம்பர்' என்ற பெயர் பலரையும் குழப்பும். அரபு மொழியில் 'அன்பர்' என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற பொருளைக் குறிக்கும். அது கடலில் மிதந்து, வெயிலிலும் உப்பு நீரிலும் பதப்பட்டுக் கரை ஒதுங்கும். பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் மஞ்சள் நிறப் புதைபடிவப் பிசினுக்கும் ஐரோப்பியர் அதே பெயரைச் சூட்டினர். பிரெஞ்சு மொழியில் முன்னது 'சாம்பல் அம்பர்', பின்னது 'மஞ்சள் அம்பர்' எனப் பிரித்துச் சொல்லப்பட்டன.

இன்று கடைகளில் 'அம்பர்' என்று விற்கும் நறுமணம் இவ்விரண்டும் அன்று. அது லாப்டானம், சாம்பிராணி, வனிலா ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு செய்யப்படும் ஒரு கலவை. திமிங்கில அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே, குறைந்த விலை அம்பர் அத்தரில் திமிங்கில அம்பர் இல்லை என்பதால் அதைப் போலி என்று கருத வேண்டியதில்லை. அம்பர் நறுமணம் என்பதே அந்தக் கலவையின் பெயர்தான்.

லாப்டானமும் சாம்பிராணியும்

லாப்டானம் மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் சிஸ்டஸ் என்ற புதர்ச்செடியின் பிசின். மேயும் ஆடுகளின் தாடியில் இப்பிசின் ஒட்டிக்கொள்வதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கிரீட் தீவில் தோல் வார்கள் கட்டிய வாரி போன்ற கருவியால் செடிகளை அடித்து, வார்களில் ஒட்டும் பிசினைச் சுரண்டி எடுப்பது நெடுங்கால வழக்கம்.

சாம்பிராணி நமக்குப் பழக்கமானது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குப் புகை காட்டும் வழக்கம் தமிழ் வீடுகளில் இன்றும் உண்டு. இதன் ஒரு வகை சுமத்ரா தீவின் மரங்களிலிருந்து கிடைக்கிறது. அரபு வணிகர் அதை 'லுபான் ஜாவி' என்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து 'பென்சாயின்' ஆனது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற சுமத்ராவின் பாரூஸ் பகுதியில், கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது. 'பச்சௌலி' என்ற சொல்லும் தமிழிலிருந்து சென்றது என்றே ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. யூத் டியூ வாசம் தமிழர் மூக்குக்கு முற்றிலும் அந்நியமாகப் படாததற்கு இவையே காரணம்.

வனிலாவின் விலை இறங்கியது

அம்பர் கலவையில் இனிப்பைத் தருவது வனிலா. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி பிற நாடுகளில் பூத்தாலும் காய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், 1841ஆம் ஆண்டு, எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியையும் கட்டைவிரலையும் கொண்டு பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் அவன் காட்டிய வழியே பின்பற்றப்படுகிறது. ஆனாலும் ஒரு பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். ஒவ்வொரு பூவையும் கையால் தொட வேண்டும். காயைப் பதப்படுத்தப் பல மாதங்கள் ஆகும். ஆகவே விலை அதிகமாகவே இருந்தது.

1874ஆம் ஆண்டு ஜெர்மன் வேதியியலாளர்களான ஃபெர்டினாண்ட் டீமனும் வில்ஹெல்ம் ஹார்மனும் ஊசியிலை மரச் சாற்றில் உள்ள கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து வனிலினைச் செய்து காட்டினர். வனிலின்தான் வனிலா வாசத்துக்கு முதன்மையான மூலக்கூறு. ஹோல்ஸ்மிண்டன் நகரில் அதற்கென ஆலையும் எழுந்தது. அதற்கு முன்பே, 1868இல், வில்லியம் பெர்கின் கூமரினைச் செயற்கையாகத் தயாரித்திருந்தார். இதன் வாசம் காய்ந்த வைக்கோலை நினைவூட்டும். இவ்விரு பொருட்களும் ஆலையில் கிடைக்கத் தொடங்கியபின், இனிப்பு வாசம் தோட்டத்து விளைச்சலை மட்டும் நம்பியிருக்கவில்லை.

பாரிஸ் தந்த வடிவம்

பாரிஸ் நகரின் கெர்லான் நிறுவனம் 1889இல் வெளியிட்ட 'ஜிக்கி'யில் வனிலினும் கூமரினும் பயன்படுத்தப்பட்டன. 1921இல் பிரான்சுவா கோட்டி 'எமரோட்' என்ற அம்பர் வகைத் தைலத்தை வெளியிட்டார். 1925இல் ஜாக் கெர்லான் உருவாக்கிய 'ஷாலிமார்' இவ்வகையின் முன்மாதிரியானது. வனிலினைவிட வீரியம் மிக்க எத்தில் வனிலின் அதில் சேர்க்கப்பட்டது. பெயர் முகலாயர் தோட்டத்திலிருந்து வந்தது. குப்பி பக்காராப் படிகக் கண்ணாடியால் ஆனது.

வேதியியல் மூலப்பொருளின் விலையைக் குறைத்துவிட்டது. ஆனால் படிகக் குப்பியும் பாரிஸ் முத்திரையும் விலையை மீண்டும் ஏற்றின. அன்றைய அமெரிக்காவில் பிரெஞ்சுத் தைலம் என்பது பெரும்பாலும் கணவரோ காதலரோ பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் பரிசு. அதைப் பெற்ற பெண், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தொட்டு, மீதியை அலமாரியில் பத்திரப்படுத்தினாள்.

குளியல் எண்ணெயாக வந்த வாசனை

எஸ்டே லாடர் 1908இல் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வேதியியல் அறிந்த மாமாவிடம் முகப்பூச்சு செய்யக் கற்ற எஸ்டே, 1946இல் கணவருடன் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார்.

பெண்கள் தங்களுக்கென வாசனை வாங்கத் தயங்குகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஆனால் குளியல் எண்ணெய் வாங்க யாரும் தயங்குவதில்லை; அது சோப்பைப் போல அன்றாடப் பொருள். எனவே யூத் டியூவைக் குளியல் எண்ணெயாகவே விற்றார். தொட்டி நீரில் சில சொட்டுகள் விடலாம். குளித்தபின் தோலில் தைலமாகவும் பூசலாம். விலை 8.50 டாலர். மற்ற நிறுவனங்கள் குப்பி மூடியை முத்திரையிட்டு விற்றபோது, அவர் முத்திரையிடாமல் விட்டார். கடைக்கு வந்தவர் திறந்து முகர்ந்து பார்க்க முடிந்தது. முதல் ஆண்டில் 50,000 குப்பிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

அம்பர் வாசம் இதற்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. பிசின்களிலும் வனிலினிலும் உள்ள மூலக்கூறுகள் மெல்ல ஆவியாகும் தன்மையுடையவை. எண்ணெயில் கலந்தால் இன்னும் மெதுவாகவே ஆவியாகும். காலையில் குளித்த வாசம் மாலை வரை நின்றது.

மலிவு என்றால் எவ்வளவு?

1953இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். அந்தக் கூலி பெற்ற ஒரு பெண், இக்குப்பியை வாங்க 11 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 40 ரூபாய். ஏழைக்கு இது மலிவு அன்று. ஆனால் சொந்த வருமானமுள்ள பெண், பரிசுக்காகக் காத்திராமல் தானே சேமித்து வாங்கக்கூடிய தொகை. யூத் டியூ கொண்டுவந்த மாற்றம் விலையில் மட்டும் இல்லை; வாங்குபவர் யார் என்பதிலும் இருந்தது.

குப்பியில் இல்லாத பெயர்கள்

யூத் டியூ இன்றும் விற்பனையில் உள்ளது. 'கீழைத்தேய வகை' என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இந்த நறுமணக் குடும்பத்துக்கு, மைக்கேல் எட்வர்ட்ஸ் தொகுத்துவரும் நறுமண வகைப்பாட்டில் 2021இல் 'அம்பர்' என்றே பெயர் மாற்றப்பட்டது. எஸ்டே லாடரை டைம் இதழ் 1998இல் இருபதாம் நூற்றாண்டின் 20 தொழில் மேதைகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே பெண் அவர். 2004இல் மறைந்தார்.

யூத் டியூவின் கலவையை உருவாக்கியவராகக் குறிப்பிடப்படும் ஜோசஃபின் கட்டபானோவைப் பலரும் அறியார். ஆண்களே நிறைந்திருந்த அத்தொழிலில் அவர் ஒரு முன்னோடி. பின்னாளில் புகழ்பெற்ற நறுமணக் கலைஞர் சோஃபியா குரோஜ்மனுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. ரீயூனியன் தீவில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டபோது, எட்மண்டுக்கு விடுதலையும் 'ஆல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. அவருடைய கண்டுபிடிப்பால் தோட்ட முதலாளிகள் செல்வம் சேர்த்தனர். அவரோ 1880இல் வறுமையில் இறந்தார். ஒரு குப்பி அம்பர் வாசனையின் விலை இறங்கிய வரலாற்றை எழுதும்போது, அதன் முதல் படியில் எழுத வேண்டிய பெயர் அவருடையதே.